நிலாவெளி வளவில் மோட்டார் ஹோமுக்கு மின்சாரம்: அளவறிந்து எடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

கிழக்குக் கடல் அமைதியாகக் கிடக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில், உப்புவெளியில் இருந்து நிலாவெளி, இறக்கக்கண்டி வரையுள்ள கரையோர வளவுகளில் கேம்பர் வேன்களும் வீட்டு வசதி கொண்ட வாகனங்களும் இடையிடையே வந்து தரித்து நிற்கின்றன. ஐரோப்பியக் கேம்பிங் தளமொன்றில் ஒவ்வொரு தரிப்பிடத்துக்கும் நீல நிற மூன்று முனைச் சொக்கெட்டும், அதற்கென்றே 6, 10 அல்லது 16 அம்பியர் பிரேக்கர் (சுமை அளவு மீறினால் தானே ‘விழுந்து’ மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றும் இருக்கும். வட அமெரிக்காவில் 120 வோல்ட்டில் 30 அம்பியர் அல்லது 120/240 வோல்ட்டில் 50 அம்பியர் என்று கம்பத்திலேயே எழுதியிருப்பார்கள். நமது பக்கத்தில் அப்படிப்பட்ட கம்பத்தைக் காண்பது அரிது. விடுதியின் சமையலறைச் சுவரிலோ தண்ணீர் மோட்டார்க் கொட்டிலிலோ உள்ள 13 அம்பியர் பிளக் பொயின்டில் இருந்து வயர் இழுத்துக் கொடுப்பதே வழமை. ஆகவே எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்பதை இங்கு எந்தப் பலகையும் சொல்லாது. வருபவரே கண்டறிய வேண்டும்.

அதைக் கண்டறியும் முறையையும், கண்டறிந்த எல்லைக்குள் வசதியாக வாழும் முறையையும் இந்த வழிகாட்டி படிப்படியாகச் சொல்கிறது. முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: பிரேக்கர் விழுவதைத்தான் பலரும் தொல்லையாகக் கருதுகிறார்கள், ஆனால் உண்மையில் அஞ்ச வேண்டியது விழ வேண்டிய நேரத்தில் விழாத பிரேக்கருக்கே.

முதற்படி: எண்களை அறிந்துகொள்ளல்

இலங்கையில் வீட்டு மின்விநியோகம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். இதில் 6 சதவீதம் கூடவோ குறையவோ இடமுண்டு, அதாவது 216 முதல் 244 வோல்ட் வரை வழமையான வீச்சு. வோல்ட்டை அம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும் என்ற பள்ளிக்கூடச் சமன்பாடு ஒன்றே இங்கு போதும். 6 அம்பியர் என்றால் 1380 வாட், 10 அம்பியர் என்றால் 2300 வாட், 13 அம்பியர் என்றால் 2990 வாட், 16 அம்பியர் என்றால் 3680 வாட்.

இந்த எண்கள் அனைத்தும் உச்ச வரம்புகள். மணிக்கணக்காக ஓடும் சுமைக்கு அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. தொடர்ச்சியான பாவனைக்கு வரம்பின் 80 சதவீதத்தோடு நிற்பது நல்ல வழக்கம். 13 அம்பியர் பிளக் பொயின்டைப் பொறுத்தவரை, அது புதியதாகவும் இறுக்கமாகவும் இருந்தாலும்கூட, ஓர் இரவு முழுவதும் 10 அம்பியருக்கு மேல் எடுக்க வேண்டாம் என்பதே எனது உறுதியான கருத்து. கடற்கரையில் இருக்கும் பழைய சொக்கெட்டாயின் 8 அம்பியரோடு நிறுத்துங்கள். உப்புக் காற்று பித்தளைத் தகடுகளில் பச்சை பூக்கச் செய்துவிடும். பச்சை பூத்த இணைப்பில் தடை கூடும். தடை கூடிய இடம் சூடேறும்.

பிரேக்கர் இருக்கிறதே என்று கேட்கலாம். வீடுகளில் பொருத்தப்படும் 16 அம்பியர் பிரேக்கர் 16.1 அம்பியரில் விழுவதில்லை. சர்வதேசத் தரத்தின்படி அது 18 அம்பியரை ஒரு மணி நேரத்துக்கு விழாமல் தாங்க வேண்டும். 23 அம்பியரில் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாற் போதும். 13 அம்பியர் பிளக்குக்குள் இருக்கும் குச்சி ஃபியூசும் அப்படித்தான். 20 அம்பியர் ஓடினாலும் அது அரை மணி நேரம் உருகாமல் இருக்கும். பிரேக்கர் சுவருக்குள் ஓடும் தடித்த வயரைக் காப்பதற்கென அமைக்கப்பட்டது. நீங்கள் வெளியே விரித்திருக்கும் மெல்லிய வயரைப் பற்றியோ துருப்பிடித்த சொக்கெட்டைப் பற்றியோ அதற்கு எதுவும் தெரியாது.

இரண்டாம் படி: வாகனத்தின் பசியை எழுதிக்கொள்ளல்

வீட்டிலிருந்து புறப்படும் முன்னரே செய்ய வேண்டிய வேலை இது. ஒவ்வொரு சாதனத்தின் பின்புறத்திலும் உள்ள தகட்டைப் பார்த்து வாட் அளவை ஒரு தாளில் எழுதுங்கள். பொதுவாகக் காணக்கூடிய அளவுகள் இவை: கூரையில் பொருத்திய சிறிய ஏசி ஓடும்போது ஏறத்தாழ 800 முதல் 1500 வாட் வரை எடுக்கும், தொடங்கும் கணத்தில் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். மின்கேத்தல் 2000 வாட். இண்டக்ஷன் அடுப்பு முழு வேகத்தில் அதே அளவு. 1.8 லீற்றர் ரைஸ் குக்கர் 700 வாட்டுக்குக் கிட்ட. மைக்ரோவேவில் 700 வாட் என்று முன்பக்கத்தில் அச்சிட்டிருந்தால் அது உணவுக்குக் கொடுக்கும் சக்தி. சுவரில் இருந்து அது எடுப்பது 1100 வாட்டுக்கு மேல். காஸிலும் மின்சாரத்திலும் ஓடக்கூடிய ஃப்ரிட்ஜ் 120 முதல் 200 வாட் வரை எடுக்கும். ஃபேன், விளக்கு, தொலைபேசி சார்ஜர் எல்லாம் சேர்ந்தாலும் 100 வாட்டைத் தாண்டுவது கடினம்.

பலரும் மறந்துவிடும் ஒன்று பற்றரி சார்ஜர். வயரைச் செருகிய உடனேயே அது ஓசையில்லாமல் வேலையைத் தொடங்கிவிடும். 12 வோல்ட் பற்றரிக்கு 30 அம்பியர் கொடுக்கும் சார்ஜர் சுவரில் இருந்து 500 வாட் வரை இழுக்கும், 60 அம்பியர் சார்ஜராயின் அதன் இருமடங்கு. நீண்ட பயணத்தின் பின் பற்றரி வெறுமையாக இருக்கும்போது இந்தச் சுமை பல மணி நேரம் நிலைத்து நிற்கும். கேத்தல் நான்கு நிமிடத்தில் அணைந்துவிடும் என்பதையும் இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்: வயரைச் சூடேற்றுவது பெரும்பாலும் பெரிய சுமையல்ல, நீண்ட சுமை.

இப்போது ஒரு கணக்கு. ஏசி 1000, ஃப்ரிட்ஜ் 150, சார்ஜர் 500, சில்லறைச் சாமான்கள் 100 என்றால் கூட்டுத்தொகை 1750 வாட், அதாவது 7.6 அம்பியர். இது நல்ல சொக்கெட்டில் இரவு முழுவதும் ஓடலாம். இதன்மேல் கேத்தலைப் போட்டால் 3750 வாட், 16.3 அம்பியர், 13 அம்பியர் பிளக்குக்கு அது பொருந்தாது. ஏசியையும் சார்ஜரையும் நிறுத்திவிட்டுக் கேத்தலைப் போட்டால் 2250 வாட். 10 அம்பியருக்குள் அடங்கிவிடும். இந்த வழிகாட்டி முழுவதும் பேசப்போவது இந்த ஒரு கணக்கின் வெவ்வேறு முகங்களைத்தான்.

ஜப்பானில் இருந்து வந்த வேன்களுக்குத் தனியாக ஒரு சொல். அங்குள்ள மின்சாரம் 100 வோல்ட். வேனுக்குள் ஏற்கெனவே பொருத்தப்பட்ட பிளக் பொயின்டுகளும் மைக்ரோவேவும் அதற்கானவை. 230 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்தால் அவை அந்த இடத்திலேயே முடிந்துவிடும். அளவு குறைக்கும் ட்ரான்ஸ்போமர் வேண்டும், அந்த ட்ரான்ஸ்போமரின் கொள்ளளவே உங்கள் எல்லையாகிவிடும்: 1500 வாட் ட்ரான்ஸ்போமர் என்றால், சுவரில் எத்தனை அம்பியர் இருந்தாலும் 1500 வாட்தான். தவிர, ட்ரான்ஸ்போமரின் வகையைப் பொறுத்து ட்ரிப் சுவிட்ச் (மின்கசிவை உணர்ந்து துண்டிக்கும் சுவிட்ச்) தரும் பாதுகாப்பும் மாறும் என்பதால், இந்த வேலையை அனுபவமுள்ள மின் இணைப்பாளர் ஒருவரிடம் கொடுத்துச் செய்விப்பதே முறை.

மூன்றாம் படி: வளவுக்காரரிடம் கேட்க வேண்டியவை

“கரண்ட் வசதி இருக்கோ?” என்று கேட்டால் “ஓம், எல்லாம் இருக்கு” என்ற பதில்தான் வரும். அதில் பயன் ஒன்றுமில்லை. கேள்வியைத் தெளிவாகக் கேளுங்கள்: “அண்ணை, இந்தப் பிளக் எந்தப் பிரேக்கரிலை இருக்குது? அதே பிரேக்கரிலை வேறை என்னென்ன ஓடுது? இதுக்கு ட்ரிப் சுவிட்ச் இருக்குதோ?”

இரண்டாவது கேள்வியில்தான் விடயம் இருக்கிறது. சிறிய விடுதிகள் பலவற்றின் இணைப்பு ஒருமுனை 30 அம்பியர், அதாவது முழு வளவுக்கும் 6900 வாட். மூன்று அறைகளில் ஏசி ஓடுகிறது, சமையலறையில் உறைபெட்டி இருக்கிறது, மாலையில் தண்ணீர் மோட்டார் போடுகிறார்கள் என்றால், உங்களுக்கென்று மிஞ்சுவது 13 அம்பியர் அல்ல. சில வேளைகளில் 5 அம்பியர்கூட இராது. நீங்கள் அவர்களுடைய மெயின் பிரேக்கரை விழுத்தினால் இருளில் மூழ்குவது உங்கள் வேன் மட்டுமல்ல, அறைகளில் பணம் கொடுத்துத் தங்கியிருக்கும் மற்ற விருந்தினரும்தான். ஆகவே “இரவிலை ஏசி போடலாமோ?” என்று வாகனத்தை நிறுத்தும் முன்பே வெளிப்படையாகக் கேட்பது மரியாதை.

தண்ணீர் மோட்டார் இருக்கும் அதே சுற்றில் உங்களுக்கும் இணைப்புக் கொடுக்கப்படுமாயின், மோட்டார் தொடங்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் வோல்ட் சட்டென்று தாழும். வேறு சொக்கெட் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் மோட்டார் போடும் நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: செருகும் முன் சோதித்தல்

முதலில் கண்ணால் பாருங்கள். சொக்கெட்டின் துவாரங்களைச் சுற்றி மஞ்சளாகவோ கபிலமாகவோ நிறம் மாறியிருந்தால், அங்கு யாரோ ஏற்கெனவே அளவுக்கு மீறி இழுத்திருக்கிறார்கள். பிளக்கைச் செருகி இலேசாக அசைத்துப் பாருங்கள். தளர்வாக ஆடினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய கட்டடங்களில் உருண்டை முனையுள்ள 15 அம்பியர் சொக்கெட்டுகள் இன்னும் இருக்கின்றன. சதுர முனைப் பிளக்கைப் பலவந்தமாக அதில் நுழைக்க உதவும் மலிவான அடப்டர்கள் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும், அவற்றைத் தொடவே வேண்டாம்.

அடுத்து, மூன்று விளக்குகள் கொண்ட சோதனைப் பிளக்கைச் செருகுங்கள். லைவும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றனவா, எர்த் இருக்கிறதா என்பதை அது காட்டும். ஆனால் எர்த் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதை அது காட்டாது, திருகோணமலைக் கரையில் நாம் அறிய வேண்டியதோ அதைத்தான்.

இது சற்று விரிவாகப் பார்க்க வேண்டிய விடயம். நமது நாட்டில் பொதுவாக ஒவ்வொரு வளவுக்கும் நிலத்தில் அடித்த தனி எர்த் கம்பி உண்டு. மழை இல்லாத ஜூலையில், கச்சான் காற்று மண்ணைக் காயவைத்துக்கொண்டிருக்கும்போது, நிலாவெளியின் காய்ந்த மணலில் நிற்கும் அந்தக் கம்பியின் தடை எளிதில் 100 ஓமைத் தொடலாம். உங்கள் வாகனத்துக்குள் ஏதோ ஒரு லைவ் வயர் உடற்தகட்டைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டை 100 ஓமால் வகுத்தால் வருவது 2.3 அம்பியர். 16 அம்பியர் பிரேக்கருக்கு அது ஒரு பொருட்டே அல்ல, அது விழாது. வாகனத்தின் உடல் முழுவதும் மின்னேறி நிற்கும். கடலில் குளித்துவிட்டு ஈரக் காலோடு வந்து கதவுப் பிடியைத் தொடும் பிள்ளைக்கு என்ன நேரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்த இடத்தில் காப்பாற்றக்கூடியது 30 மில்லியம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும் ட்ரிப் சுவிட்ச் ஒன்றுதான்.

ஆகவே கட்டடத்தில் ட்ரிப் சுவிட்ச் இருந்தாலும் வாகனத்துக்குள் உங்களுக்கென்று ஒன்று இருக்கட்டும். கட்டடத்தில் உள்ளதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். சமையலறை உறைபெட்டியும் அறைகளும் ஒரு கணம் அணையும் என்பதால் அனுமதி கேட்காமல் அழுத்தக் கூடாது. அந்தப் பொத்தான் சுவிட்சின் உட்பொறியை மட்டுமே சோதிக்கிறது, எர்த் கம்பியை அல்ல. எர்த் வழியாகவே 30 மில்லியம்பியரைக் கசியவிட்டுப் பார்க்கும் பொத்தான் கொண்ட சோதனைப் பிளக்குகளும் உள்ளன. கொஞ்சம் விலை கூட, ஆயினும் வாங்கத் தகுந்தவை. “அது அடிக்கடி விழுகுது, அதுதான் நேரடியாகக் குடுத்துவிட்டம்” என்று எவராவது சொன்னால், அந்த வளவில் பற்றரியிலும் காஸிலும் இரவைக் கழித்துவிட்டுக் காலையில் புறப்படுங்கள்.

ஐந்தாம் படி: வயர்

எல்லையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சொக்கெட்டோ பிரேக்கரோ அல்ல, இடையில் கிடக்கும் வயர்தான். 25 மீற்றர் நீளமுள்ள வயரில் மின்சாரம் போய்த் திரும்பும் தூரம் 50 மீற்றர். 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயராயின் அதன் தடை ஏறத்தாழ 0.4 ஓம், 10 அம்பியர் ஓடும்போது 4 வோல்ட் குறையும், வயர் முழுவதிலும் சேர்த்து 40 வாட் வெப்பமாகும். 1.5 சதுர மில்லிமீற்றரில் இது 6.6 வோல்ட். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 1 சதுர மில்லிமீற்றர் வயரிலோ ஏறத்தாழ 10 வோல்ட் குறைந்து 97 வாட் வெப்பமாகிறது. விரித்துப் போட்டால் அந்த வெப்பம் காற்றில் கலந்துவிடும். சுருளிலேயே வைத்திருந்தால் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கி, பிளாஸ்டிக்கை உருக்கும். சுருளின் பக்கத்தில் இரண்டு வாட் அளவுகள் அச்சிட்டிருப்பதைக் கவனியுங்கள்: பெரியது முழுவதும் விரித்த நிலைக்கு, சிறியது சுற்றிய நிலைக்கு.

ஆகவே 2.5 சதுர மில்லிமீற்றர், மூன்று உள்வயர்கள், வெளிப்பாவனைக்குரிய இறப்பர் உறை; இதற்குக் குறைந்த எதையும் வாங்க வேண்டாம். இரண்டு உள்வயர்கள் மட்டுமுள்ள வயரில் எர்த் கிடையாது. மேலே சொன்ன பாதுகாப்பு அனைத்தும் அதோடு போய்விடும். இரு வயர்களை இணைக்க நேர்ந்தால் அந்த இணைப்பு மணலில் கிடக்கக் கூடாது. நிலத்தில் இருந்து உயர்த்தி, மழையும் தெறிக்கும் நீரும் படாத உறைக்குள் வையுங்கள். வயர் செல்லும் பாதையையும் யோசியுங்கள். இந்தப் பக்கத்தில் மாடுகள் கரையோரம் நடமாடும்; திருகோணமலை நகருக்குள் என்றால் கோட்டைப் பக்கத்து மான்களும் வந்து எதையும் வாய்வைத்துப் பார்க்கும்.

ஆறாம் படி: இணைத்து, சுமை ஏற்றிப் பார்த்தல்

வாகனத்துக்குள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், சார்ஜர் உட்பட. வயரின் வாகனப் பக்கத்தை முதலில் செருகுங்கள், சுவர்ப் பக்கத்தைக் கடைசியில். அப்போது மின்னோட்டமுள்ள முனையைக் கையில் ஏந்தி மணலில் நடக்க வேண்டியிராது.

இனி வோல்ட் காட்டும் சிறு மீற்றரை வாகனத்துக்குள் ஒரு பொயின்டில் செருகிவிட்டு, சுமையில்லாத அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக 232 வோல்ட். தண்ணீர் நிரப்பிய 2000 வாட் கேத்தலைப் போடுங்கள். மீற்றர் 219 காட்டுகிறது. 13 வோல்ட் எங்கோ தொலைந்திருக்கிறது. கேத்தல் ஏறத்தாழ 8.5 அம்பியர் எடுக்கிறது என்றால், வழியில் 1.5 ஓம் தடை இருக்கிறது, 110 வாட் அளவு வெப்பம் எங்கோ வெளியாகிக்கொண்டிருக்கிறது. உங்கள் வயரில் 30 வாட்டுக்குக் கணக்குச் சொல்லலாம். மீதி 80 வாட் சுவருக்குள்ளும் வீதிக் கம்பியிலும் பரவலாகப் போகிறதா, அல்லது சொக்கெட்டின் ஒரு தளர்ந்த திருகாணியில் குவிகிறதா? முன்னையது பெரிய பாதகமில்லை, பின்னையது தீ.

அதை அறியும் வழி கைதான். சுமையை இருபது நிமிடம் ஓடவிட்டு (ஏசியும் சார்ஜரும் இதற்குப் பொருத்தம்), சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி அதன் முகப்பைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. விரலைத் தொடர்ந்து வைத்திருக்க முடியாத சூடு என்றாலோ, மீன் கருகுவது போன்ற நெடி வந்தாலோ, அந்தச் சொக்கெட்டோடு உறவை முடித்துக்கொள்ளுங்கள். கேத்தல் சோதனையில் 5 வோல்ட்டுக்குள் குறைந்தால் நல்ல இணைப்பு. 10 வோல்ட் என்றால் 8 அம்பியருக்குள் நில்லுங்கள். 15 வோல்ட்டைத் தாண்டினால் பற்றரி சார்ஜருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் மட்டுமே அதைப் பயன்படுத்துங்கள்.

வாகனத்தில் சார்ஜரும் இன்வேட்டரும் ஒன்றாக அமைந்த கருவி இருந்தால், அதில் வெளி மின்சாரத்தின் உச்ச அளவை அமைக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். மேலே கண்டுபிடித்த எண்ணை அதில் இடுங்கள். சுமை கூடும்போது அது சார்ஜரைத் தானே குறைத்துக்கொள்ளும். சில கருவிகள் பற்றாக்குறையைப் பற்றரியில் இருந்து ஈடுசெய்யவும் செய்யும். இந்த ஒரு அமைப்பைச் சரியாகச் செய்தவருக்கு அடுத்த படியின் பெரும்பகுதி தேவைப்படாது.

ஏழாம் படி: ஒரு நாளை எல்லைக்குள் பங்கிடல்

ஒரே நேரத்தில் ஒரு பெரிய சாதனம் என்பதே அடிப்படை விதி. காலையில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும்போது ஏசி நிற்கட்டும். அணைத்த ஏசியை உடனே மீண்டும் போடாமல் மூன்று முதல் ஐந்து நிமிடம் விடுங்கள். உள்ளழுத்தம் சமப்படாமல் கொம்பிரசர் தொடங்க முயன்றால் பெரும் மின்னோட்டத்தை இழுத்துத் திணறும். சோற்றை ரைஸ் குக்கரில் வைப்பதாயின் அந்த அரை மணி நேரம் சார்ஜரை நிறுத்தலாம். உண்மையில், காஸ் அடுப்பு இருக்கும் வாகனத்தில் மின்சாரத்தில் சமைப்பதற்கு எந்த அவசியமும் இல்லை.

குடும்பம் காலையில் புறாத்தீவுக்குப் படகில் போயிருக்கும் நேரமே பற்றரிக்கு உகந்த நேரம். வேனில் ஆள் இல்லை, ஏசி தேவையில்லை, கூரையில் சோலார் தகடு இருந்தால் அதுவும் கைகொடுக்கும். கன்னியாவுக்கோ கோணேசர் கோயிலுக்கோ புறப்படும் பிற்பகலும் அப்படியே. மாலை 6.30 முதல் 10.30 வரை நாட்டின் உச்சப் பாவனை நேரம். ஊரெல்லாம் விளக்கும் சமையலும் ஏசியும் ஓடும், வீதிக் கம்பியில் வோல்ட் தாழும். இந்த நான்கு மணி நேரத்தில் மீற்றரில் ஒரு கண் இருக்கட்டும்.

வோல்ட் தாழ்ந்தால் எல்லாச் சாதனமும் ஒரே மாதிரி நடப்பதில்லை. 2000 வாட் கேத்தல் 207 வோல்ட்டில் 1620 வாட்தான் எடுக்கும். தண்ணீர் தாமதமாகக் கொதிக்கும், அவ்வளவே. ஏசியும் பற்றரி சார்ஜரும் எதிர்மாறாக, குறைந்த வோல்ட்டை ஈடுகட்ட மேலதிக அம்பியரை இழுக்கும். அது வோல்ட்டை இன்னும் தாழ்த்தும். 210க்குக் கீழே இறங்கினால் ஏசியை நிறுத்திவிட்டு ஃபேனைப் போடுங்கள். வோல்ட்டை உயர்த்தும் ஸ்டெபிலைசர் இதற்குத் தீர்வு என்று சிலர் நம்புகிறார்கள். அது வெளியே 230 கொடுப்பதற்காக உள்ளே கூடுதல் அம்பியரை எடுக்கிறதே தவிர, வயரின் எல்லையை ஓர் அம்பியர்கூட உயர்த்துவதில்லை.

வாகனத்தை நிழலில் நிறுத்துவது இந்தக் கணக்கில் சேராத பெரிய சேமிப்பு. பகலில் வேப்பமர நிழலில் நிற்கும் வேனில் ஏசி இடைவிட்டு இடைவிட்டு ஓடும். வெட்டை மணலில் நிற்கும் வேனில் அது ஓயாது. தென்னையின் கீழ் மட்டும் வேண்டாம், காரணம் மின்சாரமல்ல.

எட்டாம் படி: விழுந்தால் என்ன செய்வது

முதலில் விழுந்தது எது என்று பாருங்கள். பிரேக்கர் பல நிமிடங்கள் ஓடியபின் விழுந்தால் அது அளவுமீறிய சுமை. இரண்டு சாதனங்களை அணைத்து, பத்து நிமிடம் ஆறவிட்டு மீண்டும் போடலாம். போட்ட கணத்திலேயே விழுந்தால் குறுக்குச்சுற்று. கை வைக்காமல் மின் இணைப்பாளரை அழையுங்கள். பிற்பகல் வெயில் நேரடியாக விழும் தகரப் பெட்டிக்குள் உள்ள பிரேக்கர், தன் அளவுக்குச் சற்று முன்பே விழுவது இயல்பு. அவை 30 பாகை வெப்பநிலைக்கு அளவிட்டு அமைக்கப்பட்டவை. பெட்டிக்கு நிழல் கட்டலாம், பெரிய பிரேக்கரை மாற்றிப் போடச் சொல்லக் கூடாது.

விழுந்தது ட்ரிப் சுவிட்ச் என்றால் பிரச்சினை சுமையில் அல்ல, கசிவில். ஒவ்வொரு சாதனமாகக் கழற்றி எதைச் செருகும்போது விழுகிறது என்று பாருங்கள். நீண்டகாலம் பாவிக்காத தண்ணீர் சூடாக்கியின் கம்பிச்சுருளும், மணலில் நனைந்து கிடந்த வயர் இணைப்பும் வழமையான குற்றவாளிகள்.

மின்வெட்டு வந்தால் உடனே ஏசியையும் சார்ஜரையும் அணைத்துவிடுங்கள். வளவுக்காரர் சிறிய ஜெனரேட்டரை இயக்கினால் அதன் முழுக் கொள்ளளவையும் அறைகளே கேட்கும். அந்த நேரம் நீங்கள் உங்கள் பற்றரியில் இருப்பதே நியாயம். மின்சாரம் திரும்பியதும் மீற்றரில் வோல்ட் நிலைத்து நிற்பதைப் பார்த்தபின் ஒவ்வொன்றாகப் போடுங்கள். எங்காவது நியூட்ரல் அறுந்திருந்தால் 230க்குப் பதிலாக 300க்கு மேலும் வரக்கூடும். குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் தானே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியொன்றை வாகனத்தின் நுழைவாயிலில் பொருத்துவது செலவுக்குத் தகுந்த காரியம். இடி முழங்கும் ஏப்ரல், ஒக்டோபர் பிற்பகல்களில் வயரைக் கழற்றிவிடுவதே மேல். இன்னொன்று: இரு முனையிலும் பிளக் வைத்த வயரால் வாகன இன்வேட்டரில் இருந்து கட்டடத்துக்கு மின்சாரம் கொடுக்க ஒருபோதும் முயல வேண்டாம். அதன் திறந்த முனை ஆளைக் கொல்லும். வீதிக் கம்பியில் வேலை செய்துகொண்டிருக்கும் மின்சார சபை ஊழியரையும் அது தேடிப் போகும்.

புறப்படும்போது

சாதனங்களை அணைத்து, சுவர்ப் பக்கத்தை முதலில் கழற்றி, வாகனப் பக்கத்தைப் பின்னர் கழற்றுங்கள். பிளக் முனைகளைக் காய்ந்த துணியால் துடையுங்கள்; கறுத்திருந்தால் அடுத்த இடத்துக்கு முன் மாற்றுங்கள். வயரைச் சுற்றும்போது முழு நீளத்தையும் கையால் உருவி, கீறலோ மென்மையான இடமோ இருக்கிறதா என்று பாருங்கள்.

பணம் கொடுக்கும் முறையை வந்த அன்றே பேசி வைத்திருந்தால் நல்லது. 1000 வாட் ஏசி இடைவிட்டு ஓடி ஓர் இரவுக்கு 5 யூனிட் அளவு எடுக்கும். பற்றரி, ஃப்ரிட்ஜ் சேர்ந்தால் ஒரு நாளுக்கு 10 யூனிட்டுக்குக் கிட்ட வரும். பிளக்கோடு செருகும் யூனிட் மீற்றர் ஒன்றை வந்தவுடன் பூச்சியத்தில் வைத்து, அதில் காட்டும் எண்ணை வளவுக்காரருக்கும் காட்டி, அவருடைய கட்டணப் பட்டியலில் உள்ள யூனிட் விலைக்கு ஏற்பக் கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம்.